தை பிறப்பதற்குள் நாயைத் தேற்றுவது எப்படி? கொறங்காட்டு வேலைக்கு எட்டு வார வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன் பொங்கல் லீவுக்கு எங்கள் மின்னியைத் திருப்பூரிலிருந்து வெள்ளகோவில் பக்கம் இருக்கும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். மின்னி சிப்பிப்பாறை இனப் பெட்டை நாய், அப்போது நான்கு வயது. காரை விட்டு இறங்கியதும் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குள் ஓடியவள்தான். ஆடுகளோடு ஒரு சுற்று, கிளுவை வேலியோரம் ஒரு சுற்று, மறுபடி ஆடுகள். பொழுது சாயும் வரை நிற்கவேயில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை தோட்டத்து வீடான சாளையின் திண்ணையில் போட்ட சாக்கை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. நான்கு கால்களிலும் அடித்தோல் பாலாடை மாதிரி உரிந்து தொங்கியது.

அப்புச்சி வந்து பார்த்தார். "ஏங்கண்ணு, வருசம் பூரா வாசல்ல படுத்துக் கெடக்குற நாயி இது. உழவு மாட்டையே நாங்க நாலு நாள் பழக்கித்தான் ஏருல பூட்டுவோம். நீ வந்தன்னிக்கே பூட்டிப்போட்டயே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மிச்ச லீவு முழுக்க நான் அவள் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாய் 'முடியாது' என்று சொல்லாது. வலித்தாலும் ஓடும், நாக்குத் தொங்கினாலும் ஓடும், விழுகிற வரை ஓடும். நிறுத்த வேண்டியது நாம். நிறுத்தத் தேவையில்லாத அளவுக்கு முன்கூட்டியே அதன் உடம்பைத் தேற்ற வேண்டியதும் நாம். ஊரில் வளர்கிற நாயைச் சில நாள் காட்டு வேலைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டிக் காவலோ, மேய்ச்சலோடு நடப்பதோ, வெறுமனே நாள் முழுக்கத் தோட்டத்தில் திரிவதோ, எதுவானாலும் தயாரிப்பு ஒன்றுதான்.

வேட்டைக்கு அல்ல

நாட்டு நாயைத் தேற்றுகிறேன் என்றாலே "முயலுக்கா, கவுதாரிக்கா?" என்று கண்ணடிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் துரத்த வளர்க்கப்பட்ட இனங்கள் என்பது உண்மைதான். லேப்ரடார்கூட, சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வரப் பழக்கிய இனம். ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று சொல்வது கொல்வதை மட்டுமல்ல. பிடிப்பது, துரத்துவது, விரட்டுவது, கண்ணி வைப்பது, இவற்றுக்கு முயல்வதும் அதில் அடக்கம். முயல், காடை, கவுதாரி, மயில் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. ஆகவே இங்கே நாயைத் தேற்றுவதில் பாதி, ஓடப் பழக்குவது. மறுபாதி, கவுதாரி கிளம்பினால் ஓடாமல் நிற்கப் பழக்குவது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கார்த்திகைக்கு முன்னால்

கார்த்திகையும் மார்கழியும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐம்பத்தொன்பது நாள், அதாவது எட்டு வாரம் சொச்சம். நாயின் மூச்சும் தசையும் தேற இந்தக் காலம் போதும். அதனால் ஐப்பசிக் கடைசியிலேயே கால்நடை மருத்துவரிடம் ஒரு நடை போய்விடுங்கள். இதயம், மூட்டு, பல், நகம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் ஒரு தடவை வந்த நாயென்றால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். எர்லிக்கியா, பபேசியா போன்ற உண்ணிக் கிருமிகள் உள்ளுக்குள் இருந்தால் நாய் வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் வேலையில் இறங்கியதும் சுருண்டுவிடும். உள்ளூரில் வசதி இல்லையென்றால் நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

வெறிநாய்த் தடுப்பூசி தேதி தாண்டியிருக்கவே கூடாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடிப்பது இப்போது பெரிய தொல்லை. உங்கள் நாய் அவற்றோடு மல்லுக்கு நிற்கும் நாள் வரலாம். மழைக்காலம் என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் ஓய்வு.

ஒன்றரை வயதுக்குக் குறைந்த நாய்க்கு இந்தப் பயிற்சி வேண்டாம். எலும்பின் வளர்முனை இன்னும் மூடியிருக்காது. பருவத்தில் இருக்கும் பெட்டையைக் கூட்டிப்போகாதீர்கள். சுற்றுவட்டாரத்துக் கடுவன்கள் அத்தனையும் சாளை வாசலில் வந்து நிற்கும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய் வைத்திருந்தால், அது வாசலிலேயே சந்தோஷமாக இருக்கட்டும்.

எடையைப் பொறுத்தவரை தராசை விடக் கை நல்லது. விலாவில் விரல் வைத்து லேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா வெளியே தெரிவதுதான் அழகு. அதைப் பார்த்து "சோறு போடறதில்லயா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். லேப்ரடார்களின் கதை வேறு. என் மச்சானுடையது விலா எங்கே இருக்கிறது என்றே தெரியாத ரகம். அப்படியானால் முதலில் தீனியைக் குறையுங்கள், வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு இறங்கினால் போதும்.

எட்டு வாரம்

மண் தரை தேடுவதுதான் திருப்பூரில் பாதி வேலை. சைட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட்டுகள் எனக்குக் கைகொடுத்தன. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இட்டேரியை விட நல்ல இடம் கிடையாது. இரண்டு பக்கமும் வேலி, கீழே மண், காலையில் ஆள் நடமாட்டமும் குறைவு.

முதல் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். கயிற்றில் பிடித்து அரை மணி நேரம் வேக நடை, வாரத்தில் நான்கு நாள். உங்களுக்கே மூச்சு வாங்குகிற வேகம் இருக்கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனால் நல்லது. தசை வலுப்படுவது நடக்கிறபோதல்ல, மறுநாள் படுத்துக் கிடக்கிறபோது.

மூன்றாம், நான்காம் வாரம் நேரத்தை முக்கால் மணியாக்குங்கள். நடுவில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம், மூன்று நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை. தொடக்கத்திலும் முடிவிலும் பத்து நிமிடம் சும்மா நடக்க வேண்டும். வெறும் உடம்போடு சடாரென்று பாய்கிற நாய்தான் தொடைச் சதையைக் கிழித்துக்கொள்கிறது. சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய்களுக்குப் பாய்ச்சல் பிறவிக்குணம். பழக்க வேண்டியிருப்பது அவற்றின் நிதானத்தைத்தான்.

மொபெட்டில் கயிற்றைக் கட்டி நாயைப் பின்னால் ஓடவிடுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். வண்டியின் வேகம் நாயின் வேகமாகாது. தார்ச்சாலையில் மூட்டும் பாதமும் ஒருசேரத் தேயும். கயிறு சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம், ஆறாம் வாரத்தில் அவிழ்த்துவிட்ட ஓட்டம். வேலி போட்ட காடு கிடைத்தால் ஒரு மணி நேரம் விடலாம், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுத் தண்ணீர் காட்டி ஐந்து நிமிடம் உட்கார வைத்து. வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட நடை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி ஊர்ப்பக்கம் போய்விடுவேன். மார்கழி விடியலில் வாசலுக்கு வாசல் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும், நாய்க்கும் எனக்கும் குளிரில் புகை வரும். இந்த எட்டு வாரத்தில் எனக்குப் பிடித்த பகுதி அது.

ஏழாம் வாரம் ஒத்திகை. அடுத்தடுத்து இரண்டு நாள், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். இரண்டாம் நாள் காலையில் எழுந்து எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். முதல் பத்தடி விறைப்பாக நடந்து அப்புறம் சரியானால் பரவாயில்லை. அரை மணி நேரம் கழித்தும் நொண்டினால் தையில் வேலையைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

எட்டாம் வாரம் எல்லாவற்றையும் பாதியாக்கி, கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் முழு ஓய்வு. இடையில் ஜுரம், மழை, கல்யாணம் என்று நான்கைந்து நாள் விட்டுப்போனால் முந்தின வாரத்துக்குத் திரும்பிப் போய்த் தொடங்குங்கள். விட்டதை ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பதுதான் கெடுதல்.

நீச்சல் மூட்டுக்கு இதமான பயிற்சி. ஆனால் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால் இரண்டிலும் இறக்காதீர்கள். இழுப்பு அதிகம், காங்கிரீட் போட்ட இடமென்றால் சரிவில் நாயால் ஏற முடியாது. கரை சரிவாக இருக்கும் பண்ணைக் குட்டை போதும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு பக்கத்தில் இருந்தால் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம்.

பாதம்

மூச்சு நான்கு வாரத்தில் தேறும், பாதத்துக்கு அத்தனை அவசரம் கிடையாது. நான் கோட்டை விட்டது இங்கேதான். டைல்ஸ் தரையில் வாழ்கிற நாயின் அடித்தோல் குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கும். அது காய்ப்பேற, சொரசொரப்பான தரையில் தினம் கொஞ்சம் நடக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் மண், அப்புறம் மண்ணும் சரளையும் கலந்த தடம், ஐந்தாம் வாரத்திலிருந்து கொறங்காடு மாதிரியே கல்லும் முள்ளும் கலந்த இடம். காய்ப்புக்குக் குறுக்கு வழி கிடையாது.

ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நான்கு பாதங்களையும் விரித்துப் பாருங்கள். விரலிடுக்கில்தான் நெருஞ்சி உட்காரும். உங்கள் பாட்டி வீட்டில் முள்வாங்கி இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள். அதைவிட நல்ல கருவி எந்த மருந்துக்கடையிலும் நான் பார்த்ததில்லை. வெள்வேல் முள்ளும் சீமைக்கருவேல் முள்ளும் உள்ளே முறிந்துவிடும், நுனி வெளியே வந்ததா என்று பார்க்க வேண்டும். சப்பாத்திக்கள்ளியின் பொடிமுள் கண்ணுக்கே தெரியாது. நாய் விடாமல் நக்குகிற இடத்தில் ஒட்டும் டேப்பை அழுத்தி இழுங்கள்.

நடைக்கு முன் எண்ணெய் தடவாதீர்கள், தோல் இளகிவிடும். இரவில் தேங்காயெண்ணெய் ஒரு துளி போதும். குட்டையில் நனைந்த உடனே சரளையில் ஓடவிடக் கூடாது, ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். நகம் தரையில் டக்டக்கென்று சத்தம் போட்டால் நீளம் என்று அர்த்தம். ஆறாம் வாரத்துக்குள் வெட்டிவிடுங்கள். தோல் லேசாக உரிந்தால் உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, மூன்று நான்கு நாள் ஓய்வு. சிவந்து சதை தெரிந்தால் மருத்துவரிடம்தான்.

வெயில்

"மார்கழியில் என்ன வெயில்?" என்பார்கள். விடியலில் போர்வை கேட்கும், ஆனால் பதினொரு மணிக்கு மேல் தாராபுரம், காங்கேயம் பக்கத்து மேட்டுக்காட்டில் நின்று பாருங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். உடம்புச் சூட்டை இறக்க அதற்கிருக்கும் முக்கிய வழி இளைப்பு. மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில் அந்த இளைப்பும் சரியாக வேலை செய்யாது.

தார்ச்சாலையிலோ பாறையிலோ புறங்கையை வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயை அங்கே நடத்தாதீர்கள். வேலை காலை ஒன்பது மணிக்குள், மாலை நாலரைக்கு மேல்.

நாக்கின் நுனி கரண்டி மாதிரி அகலமாக விரிகிறதா, கூப்பிடாமலே நிழலுக்குப் போகிறதா, எப்போதும் முன்னால் ஓடுகிற நாய் உங்கள் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய வேலை முடிந்தது. ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105 தாண்டினால் உயிராபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், மோட்டார் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ, கிடைத்ததைக் கழுத்து, வயிறு, தொடையிடுக்கு எல்லாம் விடாமல் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தி மருத்துவரிடம் கிளம்புங்கள். எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும், உள்ளுறுப்புக் கேடு மறுநாள்கூடத் தெரியவரும்.

சும்மா இருக்கும் நாய்க்கே கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும். 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல். வேலை நாளில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி காட்டுங்கள்.

தீனி

கம்பஞ்சோறும் மோரும் மட்டும் போட்டு வளர்த்த நாய்கள் ஓடவில்லையா என்றால், ஓடின. அவை வயல் எலியும் கோழிக் குடலும் தாமாகத் தேடித் தின்றன. வீட்டு நாய்க்கு அந்த வழி இல்லை. நீண்ட நேர வேலைக்கு நாயின் உடம்பு முக்கியமாக எரிப்பது கொழுப்பை. ஆகவே சோற்றின் பங்கைக் குறைத்து, வேகவைத்த முட்டை, கோழிக்கறி, ஆட்டுக்குடல், வாரம் ஒரு தடவை கொஞ்சம் ஈரல் என்று சேர்க்கலாம். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள், ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். இல்லையென்றால் காட்டில் ஓடுவதற்குப் பதில் கொல்லைக்கு ஓடும். கடையில் வாங்கும் தீனி போடுகிறவர்கள் வேலை நாய்களுக்கானதை வாங்கினால் வேறு எதுவும் சேர்க்கத் தேவையில்லை.

எப்போது போடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்கள் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஓடுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னால் எதுவும் வேண்டாம். முக்கியச் சாப்பாடு மாலையில், வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆறிய பிறகு.

பொங்கல் வைக்கிற வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. சர்க்கரைப் பொங்கலில் உலர்திராட்சை இருக்கும், நாயின் சிறுநீரகத்துக்கு அது நஞ்சு. பாசத்தோடு ஒரு கவளம் வைக்கும் பெரியம்மாக்களிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். வெங்காயம் கலந்த குழம்பும், வேகவைத்த எலும்பும் வேண்டாம்.

கவுதாரி கிளம்பும்போது

கொறங்காட்டுக் கொழுக்கட்டைப்புல்லுக்குள் நடந்தால் காலடியிலிருந்து கவுதாரி படபடவென்று எழும்பும். எந்த நாய்க்கும் அந்தச் சத்தம் போதும். மயில் பற்றிக் கேட்கவே வேண்டாம், இன்றைக்குக் கொங்கு நாட்டில் மயில் இல்லாத காடு எங்கே இருக்கிறது?

முதல் வாரத்திலிருந்தே முப்பது அடிக் கயிறு ஒன்றும் விசிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட ஊதல் என்றால் நிற்க வேண்டும், இரண்டு குட்டை ஊதல் என்றால் திரும்பி வர வேண்டும். வீட்டு வாசலில் தொடங்கி, லேஅவுட்டில் தொடர்ந்து, கடைசியாகக் காக்கையும் கோழியும் இருக்கும் இடத்தில். நின்றால் உடனே கறித்துண்டு. நிற்காமல் பாய்ந்தால் கயிறு நிறுத்தும், திட்ட வேண்டாம். வந்த பிறகு அடிப்பது மகாதப்பு. நாய்க்கு அது 'வந்ததற்கு அடி' என்றுதான் புரியும். எட்டாம் வாரத்திலும் பத்துக்கு ஒன்பது தடவையாவது நிற்காவிட்டால் காட்டில் கயிறு இழுத்தபடியே திரியட்டும். மின்னிக்கு இன்றும் கயிறு உண்டு, அவள் பரம்பரைக்கு முன்னால் என் விசில் எம்மாத்திரம்!

இது சட்டத்துக்காக மட்டுமல்ல. பறவையைத் துரத்தி அடுத்த காட்டுக்குள் போகும் நாய் எதன் மேல் காலை வைக்கும் என்று தெரியாது. காட்டுப்பன்றிக்கென்று திருட்டுத்தனமாக வைக்கும், வெடிமருந்து அடைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய நாய்கள் உண்டு. திருட்டு மின்வேலி உண்டு. குருணைப் பூச்சிமருந்து கலந்து வைத்த இரை உண்டு. போய் இறங்கியதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் "மருந்து ஏதாச்சும் அடிச்சிருக்கீங்களா, வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவது மரியாதையும் பாதுகாப்பும்.

பையில் என்ன, போன இடத்தில் என்ன

முள்வாங்கி, கட்டுத்துணி, பஞ்சு, பொவிடோன் அயோடின், தெர்மாமீட்டர், வாயைக் கட்ட ஒரு நீளத் துணி. வலியில் இருக்கும் நாய் உங்களையும் கடிக்கும். பாராசிட்டமால், இபுபுரூபன் எதையும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். அருகில் பாம்புக்கடி மருந்து வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் யார் என்று கிளம்புவதற்கு முன்பே விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டையும் இந்தக் காடுகளில் சாதாரணம். கடித்தால் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆட்டுப்பட்டியில் உண்ணி கொட்டிக்கிடக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் உண்ணி மாத்திரை, எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். சாயங்காலம் காது மடல், அக்குள், விரலிடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள். அப்போதே ஊசிப்புல் விதையும் தேடுங்கள். அதன் கூர்முனை தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். திடீரென்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறினால் காதுக்குள் ஒன்று போயிருக்கலாம். நீங்களே குச்சி விட்டு நோண்டாதீர்கள்.

முதல் நாள் ஒன்றரை மணி நேரம் மட்டும். நாய் இன்னும் வேண்டும் என்று குதிக்கும், நீங்கள் மசியக் கூடாது. இரண்டாம் நாள் இரண்டு வேளை. மூன்றாம் நாள் ஓய்வு, பட்டிப்பொங்கல் கூட்டத்தில் சாளையிலேயே கட்டிப்போடுங்கள். அப்புறம் இரண்டு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. ராத்திரி சாக்கை இரண்டாக மடித்துப் போடுங்கள், பனித்தரையில் படுத்தால் மூட்டு பிடித்துக்கொள்ளும்.

போன தையில் ஏழாம் நாள் காலையில் அப்புச்சி தாமாகவே குனிந்து மின்னியின் முன்னங்காலைத் தூக்கி, கட்டைவிரலால் அடித்தோலை அழுத்திப் பார்த்தார். காளையின் குளம்பைப் பார்க்கிற அதே மாதிரி. "ம்" என்றார். படலைத் திறந்து ஆடுகளை விட்டார்.